ஜனவரியின் மூன்றாம் வரிசை

குறித்த தேதி தாண்டி எட்டு நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தன் குடியிருப்பின் மாடிப்படிகளை ஐந்தாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை இடுப்பில். குப்பை வாளியோடு இறங்கி வந்த இரண்டாம் மாடிக்காரர் அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

"இன்னும் ஆகலையாம்மா?"

ஆகியிருந்தால் இந்த நேரத்தில் படியேறணும் என்று எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். ஊரில் எல்லோருக்கும் அவள் வயிற்றைப் பற்றியே கவலை. அவளுக்கோ வெள்ளிக்கிழமையைப் பற்றி.

மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. குறித்த நாள் தாண்டிப் பத்து நாள்வரைதான் பொறுப்பார்கள். அவளுக்குக் குறித்த நாள் அக்டோபர் பதினேழு. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படுக்கை ஒதுக்கியாயிற்று. வலி வரவழைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் நல்லபடியாகப் பிறக்கின்றன. அவளுடைய மூத்தவளும் அப்படிப் பிறந்தவள்தான். ஆனால் மூத்தவள் பிறந்த அந்த நாளை நினைக்கவே அவளுக்குப் பிடிக்காது. மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் வலி முழு வேகத்தில் ஆரம்பித்து, மூச்சு வாங்க இடைவெளியே தராமல் பதினொரு மணிநேரம் ஓடியது. முடிந்து பிள்ளையைக் கையில் கொடுத்தபோது, யாருடைய பிள்ளையையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் அந்த நினைப்பு போகவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. இந்தத் தடவை வலி தானாக வரவேண்டும், மெல்ல வரவேண்டும், வந்தால் முதலில் தனக்குத் தெரியவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சும்மா இருக்கவில்லை அவள். பிரசவ வார்டுப் பெரிய நர்ஸ் போன வாரமே விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார்.

"நட. படியேறு. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழுந்திரு. பேரீச்சம்பழம் சாப்பிடு, வேற ஒண்ணும் இல்லைன்னாலும் தெம்பாவது வரும். ரப்பர் பந்துமேல உட்கார்ந்து இடுப்பை ஆட்டு. புருஷன் பொண்டாட்டி சேர்ந்திருந்தாலும் நல்லதுதான்."

கடைசி விஷயத்தையும் அவர் பேரீச்சம்பழத்தைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற புருஷன், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் செஞ்சா வந்துடுமா சிஸ்டர்?" என்று அவள் கேட்டாள்.

"கதவைத் தட்டுறதுதான்மா நம்ம வேலை. திறக்கிறது உள்ள இருக்கறவங்க இஷ்டம்."

தட்டினாள். நடந்தாள், ஏறினாள், பேரீச்சம்பழம் என்றாலே குமட்டும் அளவுக்குத் தின்றாள். கடைசி விஷயத்தையும் முயன்று பார்த்தார்கள். அந்த வயிற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்புதான் அதிகம் வந்தது. வேலையிடத்தில் பைண்டிங் பிரிவு அக்கா ஒரு முழு அன்னாசிப்பழத்தை முள்ளோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நாத்தனார் ஒரு படி மேலே போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். நர்ஸிடம் கேட்டபோது, அதைத் தொடவே கூடாது, வயிறு போய் நாக்கு வறண்டு இருக்கிற தெம்பும் போய்விடும் என்று பாட்டிலுக்குத் தடை போட்டுவிட்டார். நாத்தனாருக்கு இன்றுவரை அதில் வருத்தம். திங்கட்கிழமை நர்ஸே கையுறை போட்டுக்கொண்டு உள்ளே விரலால் பனிக்குடத்து ஓரத்தைச் சுற்றி நெகிழ்த்திவிட்டுப் பார்த்தார். வலித்தது, லேசாக உதிரம் பட்டது, அதோடு சரி. ஒரு பாச்சாவும் பலிக்கவில்லை.

அவள் வேலை பார்ப்பது காலண்டர் அச்சடிக்கும் அச்சகத்தில். மெஷினுக்குப் போகும் முன்பும் பின்பும் தாளைப் பிழை பார்ப்பவள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள் என்று பெயர். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள். அக்டோபரில் அங்கே தும்முவதற்குக்கூட நேரம் கிடைக்காது. அடுத்த வருஷம் முழுவதும் அந்த ஒரு மாதத்தில்தான் அச்சாகும். லீவை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று, அரைநாளாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அச்சகத்தில் பிழைச் சீட்டு என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத் தாளில் நாலு கட்டம்: என்ன பிழை, எங்கே, காரணம், யார். கீழே மெஷின்காரரின் கையெழுத்து. போன அக்டோபரில் ஜனவரித் தாள் ஒன்று ஒரு வரிசை தப்பாக ஒன்பதாயிரம் பிரதி ஓடிவிட்டது. அவள் பார்த்து அனுப்பிய பிறகு அச்சுப் பிளேட்டில் வந்த பிழைதான், ஆனால் முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மெஷின்காரர். பார்க்காமலே போட்டிருந்தார். பூதக்கண்ணாடி அதைக் கண்டுபிடித்தாள், சீட்டு எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினாள். யார் என்ற கட்டத்தில் தன் புருஷன் பெயரை எழுதினாள்.

"வீட்டுக்காரர்தானேம்மா, கொஞ்சம் பூசி மெழுகி எழுதக்கூடாதா?" என்று ஃபோர்மேனே கேட்டார்.

"தாளுக்கு அது தெரியாதுங்க" என்றாள்.

பெரிய மெஷினில் இருந்தவனைச் சின்ன மெஷினுக்கு மாற்றினார்கள். நாலு மாதம் அவன் ரசீதுப் புத்தகம் ஓட்டினான். முதல் நாலு நாள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அப்புறம் மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்து பேச்சு தானாகத் தொடங்கியது. இப்போது பெரிய மெஷினுக்குத் திரும்பியிருந்தான். அதைப் பற்றி இருவரும் அதன்பிறகு வாய் திறந்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அச்சகத்துக்காரர் வீடு எதிலும் நல்ல காலண்டர் தொங்காது. நல்லதெல்லாம் விலைக்குப் போகும். மை தீற்றியது, கோணலாக வெட்டியது, படம் நகர்ந்தது என்று கழித்துப்போட்ட தாள்களில் மாதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி, வீட்டில் கோத்து மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு பன்னிரண்டு மாதம் தொங்கியது. அவள் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எட்டு மணிநேரம் எண்களையே பார்த்துவிட்டு வீட்டிலும் எண்ணைப் பார்க்க அவளுக்குப் பைத்தியமா? தினமும் காலையில் ஐந்து வயது மூத்தவள்தான் நாற்காலியில் ஏறி, போன நாளைப் பென்சிலால் அடிப்பாள்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் பள்ளியிலிருந்து நாத்தனார் வீட்டுக்குப் போயிருப்பாள். குத்துக்கால் போடச் சொன்னார்களே, சும்மா எதற்கு உட்கார்ந்து எழவேண்டும், ஒரு வேலையாவது ஆகட்டும் என்று சமையலறை அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த விரிப்புத் தாளை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றாள், அதாவது உட்கார்ந்தபடியே.

ஜனவரித் தாள். மாதம் முடிந்ததும் கிழித்து அவளேதான் தட்டில் விரித்திருந்தாள். தாள் முழுக்க மூத்தவளின் பென்சில் கோடுகள். மூன்றாம் வரிசையில், செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். அது அவள் போட்டது. மாதவிலக்கு வந்த நாளில், பென்சில் கோடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, அடிக்காத முதல் கட்டத்தில் போட்டது. வட்டத்துக்குள் இருந்த எண் பத்து.

மேல் வரிசையைப் பார்த்தாள். அங்கேயும் செவ்வாய்க்கிழமை பத்துதான். எட்டு முதல் பதினான்குவரை இரண்டாம் வரிசையில் ஒரு தடவை, மூன்றாம் வரிசையில் இன்னொரு தடவை. பதினைந்து முதல் இருபத்தொன்றுவரை அந்த மாதத்தில் கிடையவே கிடையாது. ஒன்பதாயிரம் ஓடிய தாள். அவள் கையால் பிடித்த பிழை.

அந்தச் செவ்வாய் பதினேழாம் தேதி. மருத்துவமனையில் முதல் தடவை கேட்டபோது வட்டத்துக்குள் பார்த்து மனதில் வைத்திருந்ததை அப்படியே, ஜனவரி பத்து என்று தன் கையாலேயே ஃபைலில் எழுதிக் கொடுத்தாள். அப்படியானால் குறித்த நாள் அக்டோபர் பதினேழு அல்ல, இருபத்துநாலு. அது நேற்று. எட்டு நாள் தாமதம் என்று ஊரே கேட்ட பிள்ளை ஒரே ஒரு நாள்தான் தாமதம்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளிக்கிழமை இனி இல்லை. அப்புறம் வெட்கம் வந்தது. தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையை ஒரு வாரமாகத் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறோமே என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். மூன்றாவதாக வந்தது பயம். இதைச் சொல்லவேண்டும். டாக்டரிடம் சொல்வதுகூடப் பெரிதில்லை. இதே தாளுக்காக நாலு மாதம் சின்ன மெஷினில் நின்ற மனுஷனிடம் சொல்லவேண்டும்.

சொல்லாமலும் இருக்கலாம். பன்னிரண்டாம் வாரம் எடுத்த ஸ்கேன் அக்டோபர் இருபத்துமூன்று என்றுதான் காட்டியது. ஆறு நாள் வித்தியாசம், ஒரு வாரத்துக்குள் இருந்தால் அம்மா சொல்லும் தேதியைத்தான் எடுத்துக்கொள்வோம், நிச்சயமாகத் தெரியுமா என்று டாக்டர் அன்றைக்கே கேட்டார். 'தேதி பார்க்கிறதுதான் டாக்டர் என் வேலையே' என்று சொல்லிவிட்டு வந்தவள் இவள். இப்போது போய், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஸ்கேன் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மென்று விழுங்கலாம். அவர் நம்புவாரா? ஊசிக்குப் பயந்து கதை விடுகிறாள் என்று நினைப்பார். தாளைக் காட்டினால்தான் நம்புவார். தாளைக் காட்டினால் கதை முழுவதும் வெளியே வரும்.

மூன்று மணிநேரம் அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு அவள் ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பை ஆட்டவில்லை.

நாலு மணி ஷிஃப்ட் முடிந்து அவன் வந்தான். கையில் மை வாசம். மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன, வலிக்குதா?"

"இல்லைங்க. இதைப் பாருங்க."

அவன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மெஷின்காரர்கள் செய்கிற மாதிரி கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தான். "இது என் தாள்" என்றான். அப்புறம்தான் சிவப்பு வட்டத்தைப் பார்த்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்வதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று தெரிந்தும் அவள் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னாள்.

அவன் கட்டைவிரலைச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தான்.

"நாலு மாசம் ரசீது ஓட்டினேன்" என்றான்.

"தெரியும்."

"தினமும் சாயங்காலம் உன்னைத் திட்டிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவேன். படியேறும்போது நிறுத்திக்குவேன்."

"அதுவும் தெரியும்."

அவன் தாளை மேசையில் வைத்து நீவிவிட்டான். அடக்கப் பார்த்தும் அவன் வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது. "பூதக்கண்ணாடி" என்றான். வீட்டில் அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சீட்டுப் புத்தகம் உன் பையிலதானே இருக்கு? எடு."

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்ததும் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. பையைத் திறந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். என்ன பிழை: பிரசவத் தேதி ஒரு வாரம் முன்னால். எங்கே: ஜனவரி, மூன்றாம் வரிசை. காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பூசி மெழுகுவதற்கு எத்தனையோ வார்த்தை இருந்தது. 'கவனக்குறைவு' என்று எழுதினாள். யார் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். அவன் வாங்கி, கீழே மெஷின்காரர் கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டான். போடும் முன் நாலு கட்டத்தையும் ஒரு தடவை படித்தான்.

"அப்புறம் இன்னொண்ணு சொல்லணும்" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. மூத்தவள் பிறந்த நாளைப் பற்றி, யாருடைய பிள்ளையோ என்று தோன்றியதைப் பற்றி, ஐந்து வருஷம் கழித்து அவனிடம் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை டாக்டர் அந்தத் தாளையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பக்கத்தில் பெரிய நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் திரைக்குப் பின்னால் போய்விட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கே கேட்டேனே, நிச்சயமான்னு."

"கேட்டீங்க டாக்டர்."

"தேதியை மாத்தினா காரணம் எழுதணும்."

"அதுலயே எழுதியிருக்கேன்."

டாக்டர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். பழைய ஸ்கேன் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிள்ளையின் துடிப்பை அரைமணி நேரம் பதிந்து பார்த்தார்கள், பனிக்குடத் தண்ணீரை அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஃபைலில் பதினேழை அடித்து இருபத்துநாலு என்று எழுதி, சீட்டையே அதோடு சேர்த்துக் குத்திவிட்டார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும். பிள்ளை அசைவது குறைந்தால் அந்த நிமிஷமே வரவேண்டும். நவம்பர் மூன்றாம் தேதிவரைதான் பொறுக்கலாம், அதற்குமேல் பேச்சே கிடையாது.

"இனிமே ஆசைக்கு நட, போதும்" என்றார் நர்ஸ், வாசல்வரை வந்து. "அந்தப் பேரீச்சம்பழத்தை விட்டுடு. உன் மூஞ்சியே அது மாதிரி ஆகிடுச்சு."

நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அந்த எண்ணெயை அன்னைக்கே குடிச்சிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது" என்றாள்.

அச்சகத்தில் அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது. பைண்டிங் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஃபோர்மேன் மட்டும், "தாளுக்குத் தெரியாதுன்னு சொன்னியேம்மா, பாரு, தெரிஞ்சிருக்கு" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள். மானம் கொஞ்சம் போனது உண்மைதான். ஆனால் போன வாரம் இருந்த அந்தக் கலக்கம் இப்போது இல்லை.

பழைய வெள்ளி போனது, சனி போனது, ஞாயிறு போனது, திங்கள் போனது. சனியும் திங்களும் மருத்துவமனைக்குப் போய்த் துடிப்புப் பார்த்து வந்தாள். மாலையில் புருஷனோடு தெருமுனைவரை நடந்தாள், நடக்கப் பிடித்ததால். புது வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. பயம் இல்லை என்று சொல்லமுடியாது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வருவதானால் இப்போது வரலாமே என்று உள்ளே இருப்பவரிடம் மரியாதையாகவே கேட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணி. அடுத்த வருஷத்து மார்ச் மாதத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் வரிசைக்கு வரும்போது அடிவயிற்றில் ஏதோ ஒன்று இறுகி, முதுகுப்பக்கம் போய், மெல்ல விட்டது. இது நேற்றும் முந்தாநாளும் வந்து ஏமாற்றியதுதான் என்று அடுத்த தாளை எடுத்தாள். எட்டு நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் மேசை விரிப்பின் ஓரத்தில் மணியைக் குறித்தாள். அதற்கப்புறம் ஏழு நிமிஷம். அப்புறமும் ஏழு. இறுகியது, விட்டது. நடுவில் மூச்சு வாங்க நேரம் இருந்தது, ஒரு தாள் பார்த்து முடிக்கும் நேரம் இருந்தது. இதுதானா, இப்படித்தான் வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆறாவது தடவை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையில் இருந்த தாளைக் கடைசி வரிசைவரை பார்த்து, 'சரி' முத்திரை குத்தி வைத்துவிட்டு, மெஷின் கூடத்துக்கு நடந்தாள்.

உள்ளே பேசினால் காதில் விழாது. பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்று கையை உயர்த்தினாள். அவன் பார்த்தான். சீசன் நேரத்தில் ஃபோர்மேன் சொல்லாமல் மெஷினை நிறுத்தக்கூடாது என்பது அங்கே பாலபாடம். அவன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். தாள்கள் மெல்லமெல்ல வேகம் குறைந்து விழுந்து நின்றன. கூடம் முழுவதும் திடீரென்று அமைதியானது.

கண்ணாடி அறையிலிருந்து ஃபோர்மேன் வேகமாக ஓடிவந்தார். "யார் நிறுத்தச் சொன்னது?" என்றவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்துக் குரலை இறக்கினார். ஆனாலும் விதி விதிதானே. மெஷின் நின்றால் சீட்டு வேண்டும். சட்டைப்பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, "நீங்க கிளம்புங்க, நானே எழுதிக்கிறேன்" என்றார்.

"இல்லைங்க, குடுங்க. நான் எழுதறேன்" என்றாள்.

ஒரு வலி வந்து போகும்வரை அவள் பேசாமல் நின்றாள். புருஷன் மையோடு இருந்த கையால் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். வலி விட்டதும் சீட்டைச் சுவரில் வைத்து எழுதினாள். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவில்லை, அது சந்தோஷத்தில் வந்தது. என்ன: மெஷின் நின்றது. எங்கே: பெரிய கூடம். யார் என்ற கட்டத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், 'வலி. தானாக வந்தது' என்று எழுதி, ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஃபோர்மேனிடம் கொடுத்தாள்.